மங்கலான சிசிடிவி காட்சி: மென்பொருளில் திருத்துவதா, கேமராவைத் திருத்துவதா?

சம்பவம் நடந்துவிட்டது. ரெக்கார்டரில் தேடி அந்த நிமிடத்தையும் பிடித்தாயிற்று. ஆள் வருவது தெரிகிறது, போவது தெரிகிறது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் வெளிறிய ஒரு திட்டு. உடனே எழும் கேள்வி, "இதைத் தெளிவாக்க முடியுமா?" என்பதுதான். இணையத்தில் தேடினால் ஒரே பொத்தானில் தெளிவாக்கித் தருவதாகச் சொல்லும் மென்பொருள்கள் வரிசைகட்டி நிற்கும். அவற்றில் எது நல்லது என்று ஒப்பிடுவதற்கு முன் இரண்டு கேள்விகளுக்கு விடை வேண்டும். காட்சி எதனால் மங்கியது? தெளிவாக்கிய படத்தை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள்? முதல் விடை, எந்த வழி பலன் தரும் என்று காட்டிவிடும். இரண்டாவது விடை, எந்த வழியைத் தொடவே கூடாது என்று காட்டிவிடும்.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. பெரும்பாலான ரெக்கார்டர்கள் டிஸ்க் நிரம்பியதும் பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதிக்கொண்டு போகும். நீங்கள் மென்பொருள் தேடிக்கொண்டிருக்கும் நாட்களில் உங்களுக்கு வேண்டிய காட்சி அழிந்துபோகலாம். ஆகவே முதலில் பதிவை வெளியே எடுத்துப் பத்திரப்படுத்துங்கள்.

அசலே கையில் இல்லாத மங்கல்

"மங்கலாக இருக்கிறது" என்று கொண்டுவரப்படும் காட்சிகளில் பல, கேமரா பதிவு செய்த காட்சியே அல்ல. மானிட்டரைக் கைபேசியால் படம் பிடித்து, அதை வாட்ஸ்அப்பில் அனுப்பி, அங்கிருந்து இறக்கிய பிரதியாக இருக்கும். மானிட்டரின் கோடுகள், கை நடுக்கம், கோப்பின் அளவைக் குறைக்க வாட்ஸ்அப் செய்யும் சுருக்கம் என்று மூன்று அடுக்கு சேதம் அதற்குள் ஏறியிருக்கும். இதில் எந்த மென்பொருளை ஓட்டினாலும் வீண்.

இன்னொரு வகை, கைபேசிச் செயலியிலிருந்து நேரடியாகச் சேமித்தது. இன்றைய கேமராக்கள் ஒரே நேரத்தில் இரண்டு ஓடைகளை அனுப்புகின்றன. முழுத் தெளிவுள்ள மெயின் ஸ்ட்ரீம் டிஸ்க்கில் பதிவாகும். இணைய வேகம் குறைவாக இருந்தாலும் தடங்காமல் ஓடுவதற்காகச் சிறிதாக்கப்பட்ட சப் ஸ்ட்ரீம் கைபேசிக்குப் போகும். ரெக்கார்டரில் 1920×1080 அளவில் காட்சி இருக்க, கையில் 640×480 பிரதியை வைத்துக்கொண்டு வருந்துவது அடிக்கடி நடக்கிறது. ரெக்கார்டரில் பென் டிரைவைச் செருகி, அதன் சொந்த வடிவத்திலேயே ஏற்றுமதி செய்தால் மங்கலில் பாதி அங்கேயே தீர்ந்துவிடலாம். சில ரெக்கார்டர்கள் எம்பி4, சொந்த வடிவம் என்று இரண்டையும் தரும். இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள்; எம்பி4 ஆக மாற்றும்போது சில கருவிகள் மறுபடி ஒருமுறை சுருக்கிவிடும். ரெக்கார்டரின் கடிகாரம் சரியான நேரத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதையும் அப்போதே குறித்து வைத்தால் பின்னால் உதவும்.

இப்போது அந்தப் பதிவை விஎல்சி போன்ற பிளேயரில் திறந்து ஒவ்வொரு ஃபிரேமாக (வீடியோவை ஆக்கும் தனித்தனிப் படங்களாக) நகர்த்திப் பாருங்கள். ஓடும்போது தெரியாதது நிறுத்தினால் தெரியும். எச்.264, எச்.265 சுருக்கங்களில் எல்லா ஃபிரேமும் ஒரே தரத்தில் இருக்காது. குறிப்பிட்ட இடைவெளியில் வரும் ஐ-ஃபிரேம் தன்னளவில் முழுப் படம்; இடையில் வருபவை பெரும்பாலும் மற்ற ஃபிரேம்களிலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும் சுமப்பவை. ஆள் ஒரு கணம் நின்ற இடமும் ஐ-ஃபிரேமும் ஒன்றாக அமைந்தால், மற்ற எல்லாவற்றையும்விட அந்த ஒரு ஃபிரேம் தெளிவாக இருக்கும். பொறுமையாகத் தேடினால் கிடைக்கும் இந்த ஒரு ஃபிரேமுக்கு, பெரிய மென்பொருள்கள் பலவற்றால் ஈடு கொடுக்க முடியாது.

எது திரும்பி வரும், எது வராது

அசல் பதிவே மங்கல் என்று உறுதியானால், காரணத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நிற்கும் சுவரும் கதவும் தெளிவாக இருக்க, நடக்கும் ஆள் மட்டும் இழுபட்டுத் தெரிந்தால் அது அசைவினால் வந்த மங்கல். ஷட்டர் திறந்திருந்த நேரம் அதிகம். சுவர், கதவு, ஆள் எல்லாமே ஒரே அளவில் மழுங்கியிருந்தால் ஃபோகஸ் விலகியிருக்கிறது, அல்லது லென்ஸ் மேல் அழுக்கு. படம் முழுக்கப் பொரி பொரியாகத் துள்ளினால் வெளிச்சம் போதவில்லை. முகம் சதுரச் சதுரக் கட்டங்களாக உடைந்தால் சுருக்கம் மிகையாகிவிட்டது. எல்லாம் நன்றாகவே இருந்து, ஆள் மட்டும் மிகச் சிறியதாகத் தெரிந்தால் பிக்சல் போதவில்லை. முகம் வெறும் வெள்ளையாக எரிந்திருந்தால், அந்த இடத்தில் எந்தத் தகவலும் பதிவாகவில்லை.

இவற்றில் வெளிச்சக் குறைவால் வரும் பொரியை ஓரளவு நன்றாகவே சரிசெய்யலாம். நேர்கோட்டில் நகர்ந்த அசைவு, சீரான ஃபோகஸ் பிழை ஆகியவற்றைச் சில வேளைகளில் சரிசெய்யலாம். சுருக்கம் தூக்கி எறிந்ததை மீட்க முடியாது. பதிவாகாத பிக்சலையும், எரிந்துபோன வெள்ளையையும் எவராலும் மீட்க முடியாது. திரைப்படங்களில் ஒருவர் விசைப்பலகையைத் தட்டத் தட்ட எண் பலகை துலங்கி வருவதைப் பார்த்துப் பழகிவிட்டோம். இழப்பின் வலியில் இருப்பவர்களுக்கு அந்தப் பொய் நம்பிக்கை கொடுக்கும் ஏமாற்றம் சிறியதல்ல. அதனால்தான் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது.

எளிய திருத்தங்கள்

வெளிச்ச அளவு, கான்ட்ராஸ்ட் (இருளுக்கும் ஒளிக்கும் உள்ள வேறுபாடு), காமா (நடுத்தர வெளிச்சப் பகுதிகளின் பிரகாசம்) மூன்றையும் மெல்ல நகர்த்திப் பார்ப்பது முதல் படி. இருண்ட படத்தின் நிழல் பகுதிக்குள் கண் பார்க்காத விவரம் பல நேரம் இருக்கும்: சட்டையின் கோடு, பையின் வடிவம், வாகனத்தின் பின்விளக்கு அமைப்பு. ஜிம்ப் போன்ற இலவச மென்பொருளே இதற்குப் போதும். பழைய அனலாக் ரெக்கார்டர் என்றால் படத்தின் அகல உயர விகிதத்தையும் கவனிக்க வேண்டும். 704×288 போன்ற அளவில் பதிவானதை அப்படியே பார்த்தால் ஆள் குள்ளமாகவும் அகலமாகவும் தெரிவார். விகிதத்தைச் சரிசெய்தாலே உருவம் இயல்புக்கு வந்துவிடும். இன்டர்லேஸ் முறையில், அதாவது ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளும் மாறி மாறிப் பதிவான காட்சியில் சீப்புப் பற்கள் போன்ற கோடுகள் தெரிந்தால் டீஇன்டர்லேஸ் செய்ய வேண்டும். ஷார்ப்பன் கருவியை மட்டும் அளவோடு தொடுங்கள். அது விளிம்புகளை எடுப்பாகக் காட்டுமே தவிர புதிய விவரம் எதையும் தராது. கூடிப்போனால் சுருக்கத்தின் கட்டங்களையே முகச் சுருக்கங்களாகக் காட்டிவிடும்.

இந்த வழியில் பெரிய ஆபத்து கிடையாது. எவரும் செய்யலாம், செய்ததைத் திரும்பச் செய்து காட்டவும் முடியும். பிரதியில் மட்டும் வேலை செய்ய வேண்டும், அசலைத் தொடக் கூடாது, அவ்வளவே.

மங்கலைப் பின்னோக்கிக் கணக்கிடுவது

டிகன்வல்யூஷன் என்ற முறை, மங்கல் எப்படி உண்டானது என்பதைக் கணக்காக எழுதி, அந்தக் கணக்கைப் பின்னோக்கி ஓட்டுகிறது. 1972-ல் ரிச்சர்ட்சனும் 1974-ல் லூசியும் தனித்தனியே உருவாக்கிய வழிமுறை இன்றும் பயன்பாட்டில் உள்ளது. இதன் புகழ்பெற்ற சோதனைக்களம் விண்வெளியில் அமைந்தது. 1990 ஏப்ரலில் ஏவப்பட்ட ஹபிள் தொலைநோக்கியின் முதன்மைக் கண்ணாடி விளிம்பில் சுமார் 2.2 மைக்ரோமீட்டர் பிழையோடு தேய்க்கப்பட்டிருந்தது. படங்கள் மங்கின. விஞ்ஞானிகள் ரிச்சர்ட்சன்–லூசி முறையை ஓட்டிப் படங்களை ஓரளவு மீட்டார்கள். மங்கலின் வடிவம் துல்லியமாகத் தெரிந்திருந்தது, விண்மீன்கள் அசையவில்லை, வல்லுநர்களும் கணினிகளும் இருந்தார்கள். அத்தனையும் இருந்தும் 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்களை அனுப்பி ஒளியியலைத் திருத்தத்தான் வேண்டியிருந்தது.

சிசிடிவியில் இந்த வசதிகள் எதுவும் இல்லை. மங்கலின் வடிவம் தெரியாது, பொரி அதிகம், சுருக்கம் வேறு நடுவில் புகுந்து நுண் விவரங்களை வெட்டியிருக்கும். பின்னோக்கிய கணக்கு பொரியையும் சேர்த்துப் பெரிதாக்கும். விளிம்புகளைச் சுற்றி அலை அலையாக வளையங்கள் தோன்றும். ஆனாலும் ஒரு இடத்தில் இது கைகொடுக்கும். வாகனம் நேர்கோட்டில் போயிருந்து, எண் பலகை ஒரே திசையில் மட்டும் இழுபட்டிருந்து, எழுத்துகள் போதிய அளவு பெரிதாக இருந்தால் வாசிக்க வாய்ப்புண்டு. ஸ்மார்ட்டிபிளர் போன்ற மென்பொருள்கள் இந்த வேலைக்கென்றே இருக்கின்றன. முகத்துக்கு இந்த முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். முகம் திரும்பும், குனியும், தலையசையும். ஒரே திசை என்ற நிபந்தனையே அங்கே உடைந்துவிடும்.

பல ஃபிரேம்களைச் சேர்ப்பது

மென்பொருள் வழிகளில் நேர்மையானதும் வலுவானதும் இதுதான் என்பது என் எண்ணம். வினோதம் என்னவென்றால், குறைவாகப் பேசப்படுவதும் இதுதான்.

ஒரு ஃபிரேமில் வரும் பொரி அடுத்த ஃபிரேமில் அதே இடத்தில் வருவதில்லை. எண் பலகையோ அதே எண் பலகைதான். ஆகவே பல ஃபிரேம்களை ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருத்திச் சராசரி எடுத்தால், மாறாதது நிற்கும், மாறுவது தேயும். 16 ஃபிரேம்களைச் சேர்த்தால் தற்செயலான பொரி நான்கில் ஒரு பங்காகக் குறையும். ஃபிரேம் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தின்படி இது நடக்கிறது. இன்னொரு பலனும் உண்டு. ஆளோ வாகனமோ சற்றே நகரும்போது, ஒவ்வொரு ஃபிரேமிலும் பிக்சல் கட்டம் அதன்மேல் வேறு வேறு இடத்தில் விழுகிறது. பிக்சலின் பின்ன அளவிலான இந்த நகர்வுகளைப் பயன்படுத்தி, எந்தத் தனி ஃபிரேமிலும் இல்லாத தெளிவைக் கட்டியெழுப்பலாம் என்று 1984-லேயே சாய், ஹுவாங் என்ற இரு ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

இதில் சேரும் ஒவ்வொரு விவரமும் கேமரா பதிவு செய்ததிலிருந்தே வருகிறது. வெளியிலிருந்து எதுவும் புகுவதில்லை. முறையின் பெரும் மதிப்பு இதில்தான் இருக்கிறது. குறைபாடும் உண்டு: பொருள் தட்டையாக, உருமாறாமல் இருக்க வேண்டும். எண் பலகை, பெயர்ப் பலகை, சட்டையில் அச்சிட்ட எழுத்து, நிறுத்திய வாகனம் ஆகியவற்றுக்கு மிகப் பொருத்தம். வாகனம் நெருங்க நெருங்கப் பலகையின் அளவும் கோணமும் மாறும் என்பதால் ஒவ்வொரு ஃபிரேமிலும் நான்கு மூலைகளையும் குறித்துப் பொருத்த வேண்டும். பொறுமையைக் கேட்கும் வேலை. முகத்துக்கு, ஆள் சில நொடி தலையசைக்காமல் நின்ற இடம் கிடைத்தால் மட்டுமே பயன். மிகையாகச் சுருக்கிய பதிவிலும் பலன் குறையும்; ஏனென்றால் சுருக்கத்தின் கட்டங்கள் தற்செயலானவை அல்ல, ஒரு ஃபிரேமிலிருந்து அடுத்ததற்கு அப்படியே தொடர்ந்து வரும்.

செயற்கை நுண்ணறிவு

பார்வைக்கு மிக அழகான விடையைத் தருவது இதுதான். நான் மிகவும் அஞ்சுவதும் இதைத்தான்.

ரியல்-ஈஎஸ்ஆர்கான், ஜிஎஃப்பிகான், கோட்ஃபார்மர், டோபாஸ் வீடியோ ஏஐ போன்றவை ஏராளமான தெளிவான படங்களைப் பார்த்துப் பயின்றவை. மங்கலான முகத்தைக் கொடுத்தால், இப்படிப்பட்ட மங்கலுக்குப் பின்னால் பொதுவாக எப்படிப்பட்ட முகம் இருக்கும் என்று ஊகித்து வரைகின்றன. கண்ணிமை, மூக்கின் விளிம்பு, தோலின் துளை வரை எல்லாம் வரும். அவை பதிவிலிருந்து வந்தவை அல்ல, பயிற்சியிலிருந்து வந்தவை. கண் இருந்த இடத்தில் நான்கு பிக்சல்கள்தான் பதிவாகியிருந்தன என்றால், அந்த நான்கு பிக்சல்களுக்குப் பொருந்தும் கண்கள் உலகில் எண்ணற்றவை. மென்பொருள் அதில் ஒன்றைத் தேர்ந்து கொடுக்கிறது.

2020-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட பல்ஸ் என்ற முறை, 16×16 பிக்சல் முகத்தை 1024×1024 ஆக்கிக் காட்டியது. 256 பிக்சல்களிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேலான பிக்சல்கள். பராக் ஒபாமாவின் படத்தைச் சிறிதாக்கி ஒருவர் அதில் கொடுத்துப் பார்த்தபோது, வெள்ளைக்காரர் ஒருவரின் முகம் வந்தது. அந்தப் படம் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. இதை ஆள் அடையாளம் காணப் பயன்படுத்த முடியாது என்று அதை உருவாக்கியவர்களே சொல்லியிருந்தார்கள். உலகமே அறிந்த முகம் என்பதால் தவறு வெளியே தெரிந்தது. உங்கள் காட்சியில் இருப்பவர் யாரென்று யாருக்கும் தெரியாது. தவறு நடந்தாலும் வெளியே தெரியாது. தெளிவான, நம்பத்தகுந்த, பொய்யான ஒரு முகம் கையில் வந்துவிடும். அந்த முகத்தோடு சாயல் உள்ள ஒருவர் பக்கத்துத் தெருவிலேயே இருக்கலாம்.

நீதிமன்றங்களும் இதைக் கவனிக்கத் தொடங்கிவிட்டன. 2024 மார்ச்சில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் கிங் கவுண்டி நீதிமன்றம், ஒரு கொலை வழக்கில் செயற்கை நுண்ணறிவால் மேம்படுத்திய வீடியோவைச் சாட்சியமாக ஏற்க மறுத்தது. அது கைபேசியில் எடுத்த வீடியோ. மேம்படுத்தப் பயன்பட்டது டோபாஸ் மென்பொருள். உள்ளே என்ன நடக்கிறது என்பது வெளிப்படையாக இல்லை, தடயவியல் வீடியோ வல்லுநர்கள் ஏற்றுக்கொண்ட முறையும் அல்ல என்பது நீதிபதி சொன்ன காரணங்களில் முக்கியமானது. மற்ற நாடுகளின் சட்டங்கள் வேறாக இருக்கலாம். ஆனால் இந்தக் கேள்வியை எந்த எதிர்த்தரப்பு வழக்கறிஞரும் எழுப்ப முடியும்.

எண் பலகையிலும் இதே ஆபத்து, இன்னும் நுட்பமாக. 3, 8, 6 ஆகியவை மங்கலில் ஒன்றுபோலத்தான் இருக்கும். மென்பொருள் அவற்றில் ஒன்றைத் துல்லியமான விளிம்போடு எழுதிவிடும். 2013-ல் டேவிட் கிரீசல் என்ற ஜெர்மானியர், சில ஜெராக்ஸ் இயந்திரங்கள் ஆவணத்தில் 6 இருந்த இடத்தில் 8 என்று நகலெடுப்பதைக் கண்டு வெளியிட்டார். அதில் செயற்கை நுண்ணறிவே கிடையாது. உருவம் ஒத்தவற்றை ஒன்றாகக் கருதும் சுருக்க முறை மட்டும்தான். மங்கலாக இருந்தால் வாசிப்பவர் சந்தேகப்பட்டிருப்பார். தெளிவாக இருந்ததால் யாரும் சந்தேகப்படவில்லை.

அப்படியானால் இதற்கு இடமே இல்லையா? உண்டு. குடும்ப விழா வீடியோ, தோட்டத்துக்கு வரும் பறவை, வளாகத்தின் விளம்பரக் காட்சி என்று, யாரும் குற்றம் சாட்டப்படாத எதற்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். பொரியைக் குறைத்து நிகழ்வின் போக்கைப் பார்க்கவும் உதவும்: யார் முதலில் வந்தார், கதவு எப்போது திறந்தது, வாகனம் எந்தப் பக்கம் திரும்பியது. ஆனால் செயற்கையாக உருவான முகத்தைச் சாட்சியிடம் காட்டாதீர்கள். ஒருமுறை பார்த்த தெளிவான முகம், அவர் நினைவில் இருக்கும் உண்மையான முகத்தின் மேல் ஏறி உட்கார்ந்துவிடும். அதன்பின் அவர் சொல்வது அவர் கண்டதா, மென்பொருள் வரைந்ததா என்று பிரிக்க வழியில்லை. சமூக வலைத்தளத்தில் "இவரைத் தெரியுமா?" என்று போடவும் வேண்டாம். தவறான ஒருவர் மேல் விழும் பழியைத் திரும்ப எடுக்கவே முடியாது.

உங்கள் மென்பொருளை நம்பலாமா என்று சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்த ஒருவரை, அதே கேமராவில், அதே இடத்தில், அதே நேர வெளிச்சத்தில் நடக்கச் சொல்லுங்கள். அந்தப் பதிவை மென்பொருளில் ஓட்டி, வரும் முகத்தை அவரது நிஜ முகத்தோடு வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

தடயவியல் நிபுணரிடம் எப்போது போவது

விஷயம் காவல்துறைக்கோ நீதிமன்றத்துக்கோ காப்பீட்டுக்கோ போகும் என்றால், மேலே சொன்ன எதையும் நீங்களே செய்து முடிக்காதீர்கள். அசல் பதிவையும், முடிந்தால் ரெக்கார்டரையும் அப்படியே வைத்திருங்கள். அசல் கோப்புக்கு எஸ்எச்ஏ-256 போன்ற ஹாஷ் மதிப்பை, அதாவது கோப்பின் கைரேகை போன்ற ஓர் எண்ணைக் கணக்கிட்டுக் குறித்துக்கொண்டால், பின்னால் அதில் ஒரு பிட் கூட மாறவில்லை என்று நிறுவலாம்.

நிபுணரின் பெரிய பலம் அவரிடம் இருக்கும் மென்பொருள் என்று பலர் நினைக்கிறார்கள். ஆம்ப்டு ஃபைவ் போன்ற சிறப்புக் கருவிகள் அவரிடம் இருக்கும், உண்மைதான். ஆனால் அவர் தருவதில் மதிப்பானது குறிப்பேடு: எந்தக் கோப்பில், எந்த ஃபிரேமில், எந்த வடிகட்டியை, எந்த அளவில், எந்த வரிசையில் ஓட்டினார் என்ற பதிவு. அதை வைத்து வேறொருவர் அதே முடிவை எட்ட முடியும். முகத்தில் எதுவும் கிடைக்காதபோது அவர் வேறு பக்கம் பார்ப்பார்: செருப்பின் வடிவம், பையின் வார், வாகனத்தின் கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கர், உடைந்த விளக்கு. எண் பலகை மங்கலாக இருந்தால், அதே கேமராவின் கீழ் தெரிந்த எண்களைக் கொண்ட பலகைகளை நிறுத்திப் பதிவு செய்து, எந்த எண் இப்படி மங்கும், எது மங்காது என்று ஒப்பிடவும் முடியும். ஒற்றை விடை கிடைக்காவிட்டாலும், "இந்த இடத்தில் 1, 7, 4 வர வாய்ப்பில்லை" என்ற அளவில் கிடைப்பதே விசாரணைக்குப் பெரிய உதவி.

நல்ல நிபுணரை அடையாளம் காண ஒரு குறி: பதிவைப் பார்க்காமல் உறுதி கொடுக்க மாட்டார், பார்த்தபின், முடியாதென்றால் முடியாது என்று சொல்லிவிடுவார். எதையும் தெளிவாக்கித் தருவேன் என்பவரிடமிருந்து விலகியிருங்கள். இணையத்தில் காட்சியை ஏற்றினால் உடனே திருத்தித் தரும் தளங்களிடமும் எச்சரிக்கை தேவை. அந்தக் காட்சியில் சம்பந்தமே இல்லாத பலருடைய முகங்களும் நடமாட்டமும் இருக்கின்றன. அவர்களிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை.

கேமரா பக்கம்: உண்மையான தீர்வு இங்கேதான்

கடந்துபோன காட்சிக்குச் செய்யக் கூடியது அவ்வளவே. அடுத்த முறை மங்காமல் இருக்கச் செய்வதற்கு வழிகள் நிறைய உண்டு, பெரும்பாலும் எளியவை.

துடைப்பதிலிருந்து தொடங்குங்கள். இரவில் மட்டும் வெண்புகை மூடியதுபோல் இருந்தால், டோம் எனப்படும் அரைக்கோள மூடியின் தூசி, கீறல், அல்லது லென்ஸ் முன் கட்டிய சிலந்தி வலை, கேமரா இரவில் வீசும் அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அடிக்கிறது. அந்த ஒளியின் பக்கம் பூச்சி வரும். பூச்சியைத் தேடிச் சிலந்தி வரும். மென்மையான துணியால் துடைத்து, டோமுக்குள் லென்ஸைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் மூடியோடு ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தால் போதும். பகலில் தெளிவாகவும் இரவில் மழுங்கலாகவும் இருந்தால், அகச்சிவப்பு ஒளி குவியும் இடம் வேறு என்பது காரணமாக இருக்கலாம். வெரிஃபோகல் லென்ஸ் (பார்க்கும் அகலத்தை மாற்றக்கூடியது) என்றால் ஃபோகஸை இரவில், அகச்சிவப்பு எரியும்போது சரிசெய்து, பகலில் ஒருமுறை சரிபாருங்கள்.

செட்டிங்கில் முதன்மையானது ஷட்டர். இரவில் வெளிச்சம் போதாதபோது கேமரா தானாகவே ஷட்டரை அதிக நேரம் திறந்துவைக்கும். படம் பார்க்கப் பிரகாசமாக இருக்கும், நகர்வது எல்லாம் இழுபடும். 1/25 நொடியில், சாதாரணமாக நடப்பவர் 5 சென்டிமீட்டருக்குமேல் நகர்ந்துவிடுகிறார். முகத்தின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு அது. மணிக்கு 36 கிலோமீட்டரில் போகும் வாகனம் அதே நேரத்தில் 40 சென்டிமீட்டர் நகரும். 1/500 என்று வைத்தால் 2 சென்டிமீட்டர்தான். ஆட்களுக்கு 1/100 அளவு, வாகனங்களுக்கு 1/500 அல்லது அதற்கும் வேகம் என்று தொடங்கிப் பாருங்கள். ஷட்டரை வேகமாக்கினால் படம் இருளும். 1/25-லிருந்து 1/100-க்குப் போனால் வெளிச்சம் கால் பங்கு. அதை ஈடுசெய்ய விளக்கு போட வேண்டும். இருளைச் சமாளிக்க, பொரியைத் தேய்க்கும் இரைச்சல் குறைப்பு வசதியை உச்சத்துக்கு ஏற்றுவது பொதுவான வழக்கம். அது முந்தைய ஃபிரேம்களைக் கலந்து நடப்பவரை ஆவிபோல் ஆக்கிவிடும். அதைக் குறைத்துவைத்துக் கொஞ்சம் பொரியைச் சகித்துக்கொள்வதே மேல். பொரியைப் பிறகு ஃபிரேம் சேர்த்துத் தேய்க்கலாம், கலந்துபோன முகத்தைப் பிரிக்க முடியாது.

பிட்ரேட், அதாவது ஒரு நொடி வீடியோவுக்கு ஒதுக்கும் தரவின் அளவு, அடுத்தது. அதிக நாள் பதிவு நிற்க வேண்டுமென்று பிட்ரேட்டை வெட்டிவிடுகிறார்கள். நொடிக்கு 4 மெகாபிட் என்றால் ஒரு கேமராவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 43 ஜிகாபைட். 1 டெராபைட் டிஸ்க்கில் ஏறத்தாழ 23 நாள் நிற்கும். இதைப் பாதியாக்கினால் நாள் இரட்டிக்கும், ஆனால் ஆள் ஓடும் கணத்தில் கட்டங்கள் உடையும். நாற்பத்தைந்து நாள் யாரென்று தெரியாத பதிவைவிட இருபது நாள் தெரியும் பதிவையே நான் தேர்வேன். இரண்டும் வேண்டுமென்றால் பெரிய டிஸ்க் போடுவதுதான் வழி.

மெகாபிக்சல் கூட்டுவதா, லென்ஸ் மாற்றுவதா

புதிய கேமரா வாங்குவதென்று முடிவானால் பெரும்பாலோர் போவது 4கே (3840×2160 பிக்சல்) பக்கம். பல நேரங்களில் தேவைப்படுவது வேறு லென்ஸ்.

ஐஇசி 62676-4 என்ற சர்வதேசத் தரநிலையின் 2014 பதிப்பு, பார்க்க வேண்டிய இடத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு எத்தனை பிக்சல் விழ வேண்டும் என்று வரையறுக்கிறது. யாரோ இருக்கிறார் என்று அறிய 25. முன்பே தெரிந்தவரை இன்னாரென்று அறிய 125. முன்பின் தெரியாதவரைச் சந்தேகமின்றி அடையாளம் காண 250. முகத்தின் அகலம் சுமார் 16 சென்டிமீட்டர் என்று கொண்டால், 250-ல் முகத்துக்கு 40 பிக்சல் கிடைக்கும். 25-ல் வெறும் 4.

இப்போது 10 மீட்டர் தூரத்தில் ஒரு வாசலைக் கற்பனை செய்யுங்கள். பரவலாக விற்கப்படும் 2.8 மில்லிமீட்டர் லென்ஸ், 1/2.8 அங்குல சென்சாரோடு (ஒளியைப் படமாக்கும் சில்லு) சேர்ந்து அந்தத் தூரத்தில் ஏறத்தாழ 20 மீட்டர் அகலத்தைப் பார்க்கும். 1080பி (1920×1080) கேமராவில் மீட்டருக்குச் சுமார் 98 பிக்சல். முகத்துக்கு 16. அதே அளவு சென்சாரில் 4கே போட்டால் 196, முகத்துக்கு 31. நான்கு மடங்கு பிக்சல் போட்டும் 250-ஐத் தொடவில்லை. மேலும், அதே அளவு சென்சாரில் நான்கு மடங்கு பிக்சலை அடைத்தால் ஒவ்வொரு பிக்சலுக்கும் கால் பங்கு வெளிச்சம்தான். இரவில் பொரியும் இழுபடலும் கூடும். பழைய 1080பி கேமராவிலேயே 12 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டால், பார்க்கும் அகலம் ஏறத்தாழ 4.6 மீட்டராகச் சுருங்கும். மீட்டருக்கு 400 பிக்சலுக்கு மேல், முகத்துக்கு 65-க்கு மேல்.

சுருங்கிய பார்வையில் வளாகம் முழுக்கத் தெரியாது. ஆகவே ஒரே கேமராவிடம் எல்லாவற்றையும் கேட்காமல், அகலமாகப் பார்க்க ஒன்று, எல்லோரும் கடந்தே தீர வேண்டிய வாசலையோ படியையோ நெருக்கமாகப் பார்க்க ஒன்று என்று பிரிப்பதே சரி. நெருக்கமாகப் பார்ப்பதை மிக உயரத்தில் மாட்ட வேண்டாம். உச்சந்தலையும் தொப்பியும் மட்டும் பதிவாகும். அதன் முன் ஒரு வெள்ளை விளக்கு இருந்தால் ஷட்டரை வேகமாக்கலாம், சட்டையின் நிறமும் பதிவாகும். விளக்கு வைக்க இயலாத இடத்தில், பெரிய சென்சாரும் எஃப்1.0 லென்ஸும் (எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் திறப்பு பெரிது) உள்ள கேமராவுக்குச் செலவிடலாம், எஃப்2.0 லென்ஸைவிட நான்கு மடங்கு ஒளியை அது உள்ளே விடும். வாசலுக்குப் பின்னால் வெயில் அடித்து முகம் கறுத்துப்போகும் இடமானால் வெயிலையும் நிழலையும் ஒரே படத்தில் தெரியச் செய்யும் டபிள்யூடிஆர் வசதி அவசியம்.

எதை மாற்றினாலும், மானிட்டரில் நேரலையைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடாதீர்கள். இருட்டியபின் ஒருவரை வேகமாக நடக்கச் சொல்லுங்கள், ஒரு வண்டியைக் கடந்து போகச் சொல்லுங்கள். ரெக்கார்டரிலிருந்து அந்த ஒரு நிமிடத்தை ஏற்றுமதி செய்து, கணினியில் ஃபிரேம் ஃபிரேமாக நிறுத்திப் பாருங்கள். முகத்தின் குறுக்கே 40 பிக்சலுக்குக் குறையாமல் இருக்கிறதா, எண் பலகையின் ஒவ்வொரு எழுத்தும் தனியே நிற்கிறதா என்று எண்ணிவிட்டு, இல்லையென்றால் லென்ஸ், ஷட்டர், விளக்கு என்ற வரிசையில் மறுபடி தொடங்குங்கள்.